உங்க ஆபீஸ் மெயிலில் இருக்கும் இந்த 7 ஆங்கிலத் தவறுகள் உங்க பணத்தைக் காலி பண்ணலாம்!



எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், டேக்ஸ் ரெஜிம்னு பேசிட்டு இருக்கிற இடத்துல திடீர்னு ஆங்கில இலக்கணம் எதுக்குன்னு நீங்க கேக்கலாம். காரணம் ரொம்ப எளிமையானது. உங்க பணம் சம்பந்தப்பட்ட எல்லா முக்கியமான விஷயமும் கடைசியில் ஒரு ஆங்கில வாக்கியத்துலதான் வந்து நிக்குது. ஆஃபர் லெட்டர், ரெசிக்னேஷன் மெயில், வங்கிக்குப் புகார், பிஎஃப் டிரான்ஸ்ஃபர், வருமான வரி நோட்டீஸுக்குப் பதில், எல்லாமே அப்படித்தான். சிக்கல் வந்த பிறகு நீங்க மனசுல என்ன நினைச்சீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எழுத்துல என்ன இருக்குன்னுதான் பார்ப்பாங்க.

ஒரு கமாவால பெரிய தொகை கைமாறின கதை உண்மையிலேயே இருக்கு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துல ஓக்ஹர்ஸ்ட் டெய்ரின்னு ஒரு பால் நிறுவனம். ஓவர்டைம் சம்பளம் கிடைக்காத வேலைகளை அந்த மாநிலச் சட்டம் வரிசையா பட்டியல் போட்டிருந்தது. அந்தப் பட்டியலின் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று இருந்தது. 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்லை. கமா இருந்திருந்தா பேக்கிங் ஒரு வேலை, டிஸ்ட்ரிப்யூஷன் தனியா இன்னொரு வேலை. இல்லாததால, "டிஸ்ட்ரிப்யூஷனுக்காகச் செய்யும் பேக்கிங்"னும் படிக்கலாம். "நாங்க பேக்கிங் பண்ணல, வண்டிதான் ஓட்டுறோம், அதனால எங்களுக்கு ஓவர்டைம் உண்டு"ன்னு டிரைவர்கள் வழக்குப் போட்டாங்க. 2017 மார்ச்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அவங்க பக்கம் நின்னுது. 2018ல நிறுவனம் 50 லட்சம் டாலருக்கு சமரசம் பண்ணிக்கிட்டது.

நம்ம வாழ்க்கையில தொகை சின்னதா இருக்கும். ஆனா வலி அதே வலிதான். சரி, ஒவ்வொன்னா பார்ப்போம்.

1. முடிவைச் சொல்லும் வினைச்சொல், எண்ணத்தைச் சொல்லும் வினைச்சொல்

என்கிட்ட ஆலோசனைக்கு வந்த ஒரு ஐடி ஊழியர். மாதச் சம்பளம் 60,000 ரூபாய், நோட்டீஸ் பீரியட் 60 நாள். செப்டம்பர் 1 அன்னைக்கு மேனேஜருக்கு மெயில் போட்டார்: 'ஐ ஆம் பிளானிங் டு ரிசைன், ப்ளீஸ் ரிலீவ் மீ ஆன் அக்டோபர் 31.' அவர் கணக்குப்படி சரியா 60 நாள். ஹெச்ஆர் என்ன சொன்னாங்க தெரியுமா? "பிளானிங்னுதானே எழுதியிருக்கீங்க, அது ரெசிக்னேஷன் கிடையாதே!" செப்டம்பர் 23ல 'ஐ ரிசைன்'னு இன்னொரு மெயில் வாங்கிக்கிட்டு, நோட்டீஸை அந்தத் தேதியிலிருந்து எண்ணினாங்க. அக்டோபர் 31க்கு 38 நாள்தான் வந்தது. குறைஞ்ச 22 நாளுக்கு 44,000 ரூபாயை ஃபைனல் செட்டில்மென்ட்ல பிடிச்சிட்டாங்க. புது கம்பெனியில் சேரும் தேதி நெருங்கிட்டதால, அவர் சண்டை போடாம விட்டுட்டார்.

தமிழ்ல "வேலையை விடலாம்னு இருக்கேன்"னு மரியாதைக்காக சுத்தி வளைச்சுப் பேசுவோம். கேக்கிறவருக்கும் புரிஞ்சிடும். ஆனா 'பிளானிங் டு', 'வான்ட் டு', 'திங்கிங் ஆஃப்' எல்லாம் ஆங்கிலத்துல எண்ணத்தைத்தான் சொல்லும், செயலைச் சொல்லாது. முடிவு எடுத்தாச்சுன்னா நேரா எழுதுங்க: 'ஐ ரிசைன் ஃப்ரம் மை பொசிஷன். மை லாஸ்ட் வொர்க்கிங் டே வில் பி 31 அக்டோபர் 2025.' மரியாதையை அடுத்த வரியில நன்றி சொல்லிக் காட்டிக்கலாம்.

2. 'பை' வேற, 'டு' வேற

சம்பள உயர்வு பத்தி ரெண்டு வாக்கியம் பாருங்க. 'யுவர் சேலரி வில் பி இன்க்ரீஸ்ட் டு 60,000.' 'யுவர் சேலரி வில் பி இன்க்ரீஸ்ட் பை 60,000.' இப்போ 50,000 வாங்குறவருக்கு முதல் வாக்கியப்படி 60,000 வரும். ரெண்டாவதுபடி 1,10,000 வரும்!

தமிழ்ல இதை நாம குழப்பிக்கவே மாட்டோம். "60,000 ஆக உயர்ந்தது", "60,000 உயர்ந்தது". அந்த 'ஆக'தான் ஆங்கிலத்துல 'டு'. 'ஆக' இல்லாதது 'பை'. எழுதுறதுக்கு முன்னாடி வாக்கியத்தை ஒரு தடவை தமிழ்ல சொல்லிப் பார்த்தா போதும்.

வட்டி விகிதத்துலயும் இதே கதைதான். ஹோம் லோன் வட்டி 8 சதவீதத்திலிருந்து 9 சதவீதம் ஆனா அது 'இன்க்ரீஸ்ட் டு 9 பர்சன்ட்'. 'பை 9 பர்சன்ட்'னு எழுதினா அர்த்தமே வேற.

கூடவே இன்னொரு வார்த்தை: 'அப் டு'. ஆஃபர் லெட்டர்ல 'வேரியபிள் பே அப் டு 20 பர்சன்ட்'னு இருந்தா, 20 என்பது உச்சவரம்பு. பூஜ்யமும் அதுக்குள்ள அடக்கம். அதை நம்பி இஎம்ஐ கணக்குப் போடாதீங்க.

3. 'பை', 'டில்', 'ஃப்ரம்': தேதியோட ஒட்டிக்கிற சின்ன வார்த்தைகள்

'ஐ வில் பே த அமவுண்ட் டில் 10த்'னு பலர் எழுதறாங்க. சொல்ல வந்தது "10ஆம் தேதிக்குள் கட்டிடுவேன்". எழுதினது "10ஆம் தேதி வரை கட்டிக்கிட்டே இருப்பேன்". 'க்குள்'னா 'பை', 'வரை'ன்னா 'டில்'. இதுக்கும் தமிழே வழி சொல்லிடுது.

'ஃப்ரம்' இன்னும் கொஞ்சம் வம்பு. அந்த நாளையும் சேர்த்து எண்ணணுமா, கூடாதா? மத்திய அரசின் சட்டங்களைப் பொறுத்தவரை 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டம், பிரிவு 9, இதைத் தெளிவாக்குது. 'ஃப்ரம்' என்றால் அந்த முதல் நாள் கணக்கில் வராது, 'டு' என்றால் கடைசி நாள் கணக்கில் வரும். ஆனா அது சட்டங்களுக்கான விதி. உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர் ஒரு சட்டம் இல்லையே! அதனால 'வித் எஃபெக்ட் ஃப்ரம் 31 அக்டோபர்'னு எழுதி, அன்னைக்கு வேலைக்கு வரணுமா வேண்டாமான்னு குழம்புறதை விட, 'மை லாஸ்ட் வொர்க்கிங் டே'ன்னு தேதி போட்டுடுங்க. அப்படியே, 05/06னு எழுதாம மாதத்தின் பெயரை எழுதுங்க. இந்தியாவுல ஜூன் 5, அமெரிக்க கிளையன்டுக்கு அது மே 6.

4. யார் செஞ்சாங்க?

ஸ்கூல்ல படிச்ச ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் ஞாபகம் இருக்கா? பணம் போகும்போதுதான் அதோட அருமை தெரியும்.

உங்க கணக்கிலிருந்து 18,500 ரூபாய் போயிடுச்சு, நீங்க செய்யாத பரிவர்த்தனை. பதட்டத்துல வங்கிக்கு எழுதறீங்க: 'எ டிரான்ஸாக்ஷன் ஐ டிட் யெஸ்டர்டே, இட் இஸ் ஃப்ராட்.' படிக்கிற அதிகாரிக்கு என்ன புரியும்? நீங்கதான் அதைச் செஞ்சீங்கன்னு புரியும். இங்கே பாஸிவ்தான் சரி, ஏன்னா செஞ்சது யாருன்னு உங்களுக்குத் தெரியாது: 'ருபீஸ் 18,500 வாஸ் டெபிட்டட் ஃப்ரம் மை அக்கவுண்ட் ஆன் 12 ஆகஸ்ட் 2025. ஐ டிட் நாட் ஆத்தரைஸ் திஸ் டிரான்ஸாக்ஷன்.'

இது ஏன் முக்கியம்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை இதுக்கு ஒரு கணக்கு வெச்சது. தவறு உங்க பக்கமும் இல்லாம, வங்கி பக்கமும் இல்லாம, மூன்றாம் நபரால் நடந்திருந்தா, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் நீங்க புகார் பண்ணிட்டா உங்க பொறுப்பு பூஜ்யம்னு அது சொன்னது. 4 முதல் 7 வேலை நாள் ஆனா ஒரு வரம்பு வரை நீங்க சுமக்கணும்னு இருந்தது. அதுக்கு மேல போனா அந்த வங்கியின் கொள்கைப்படிதான்னு இருந்தது. ஆனா ஓடிபி, பாஸ்வேர்டு கொடுத்த மாதிரி உங்க அலட்சியத்தால் நடந்திருந்தா, புகார் செய்யும் வரையான நஷ்டம் உங்களுடையதுன்னும் அது சொன்னது. அதனால யார் செஞ்சது, என்னைக்கு நடந்தது, நீங்க என்னைக்குச் சொன்னீங்க, இந்த மூணும் வாக்கியத்துல தெளிவா இருக்கணும். நடந்ததை மாத்தி எழுதச் சொல்லல. நடந்ததை அப்படியே எழுதச் சொல்றேன்.

மத்த இடங்கள்ல ஆக்டிவ்தான் உங்க நண்பன். 'த பில்ஸ் வேர் சப்மிட்டட்'னு எழுதினா யார், யார்கிட்ட, எப்போன்னு எதுவும் தெரியாது. 'ஐ சப்மிட்டட் த பில்ஸ் டு த ஃபைனான்ஸ் டீம் ஆன் 4 ஜூலை.' இதுல யாரும் நழுவ முடியாது.

5. 'தே' யாரு? 'இட்' எது?

பிஎஃப் டிரான்ஸ்ஃபர் புகார்ல அடிக்கடி பார்க்கிற வாக்கியம்: 'மை ஓல்டு கம்பெனி சென்ட் த டீடெய்ல்ஸ் டு இபிஎஃப்ஓ பட் தே டிட் நாட் அப்டேட் இட்.' இந்த 'தே' பழைய கம்பெனியா, இபிஎஃப்ஓவா? 'இட்' எது? டேட் ஆஃப் எக்ஸிட்டா, பெயர் திருத்தமா? படிக்கிறவர் உங்களுக்குப் பதில் எழுதாம, "விவரம் தெளிவாக இல்லை"ன்னு மூடிடலாம்.

விதி இதுதான்: ஒரு வாக்கியத்துல ரெண்டு பேர் இருந்தா 'தே', 'இட்' போடாதீங்க. பெயரையே திரும்ப எழுதுங்க. 'மை ஓல்டு கம்பெனி ஹாஸ் நாட் அப்டேட்டட் மை டேட் ஆஃப் எக்ஸிட்.' ஸ்கூல்ல திரும்பத் திரும்ப ஒரே சொல் வந்தா மார்க் குறைப்பாங்க. இங்கே அதுதான் பாதுகாப்பு.

6. 'ஒன்லி' எங்கே நிக்குது?

தமிழ்ல 'மட்டும்' எந்தச் சொல்லோட சேரணுமோ அதோட ஒட்டிக்கும். "நான் மட்டும்", "இந்த கார்டை மட்டும்". ஆங்கில 'ஒன்லி' அப்படி இல்லை. வைக்கிற இடத்தைப் பொறுத்து அர்த்தம் மாறும். 'ஒன்லி ஐ யூஸ் திஸ் கார்டு'ன்னா வேற யாரும் இந்த கார்டைத் தொடல. 'ஐ யூஸ் ஒன்லி திஸ் கார்டு'ன்னா வேற கார்டு நீங்க பயன்படுத்தல. மோசடிப் புகார்ல முதல் வாக்கியம் உங்க பலம். ரெண்டாவது வாக்கியம் அங்கே தேவையே இல்லாத தகவல். 'ஐ யூஸ் திஸ் கார்டு ஒன்லி'ன்னு நம்ம ஊர் வழக்கப்படி கடைசியில போட்டாலும் இந்த ரெண்டாவது அர்த்தம்தான் வரும். எந்தச் சொல்லைக் குறிக்குதோ அதுக்கு நேர் முன்னாடி வைங்க.

7. 'ஹேட்'டைக் குறைங்க, தேதியைக் கூட்டுங்க

'ஐ ஹேட் சென்ட் யூ த மெயில்', 'ஐ ஹேட் பெய்ட் த பிரீமியம்'. நம்ம ஆபீஸ்கள்ல 'ஹேட்' போட்டா மரியாதைன்னு ஒரு நினைப்பு. உண்மையில், கடந்த காலத்துல நடந்த ரெண்டு விஷயத்துல எது முன்னாடி நடந்ததுன்னு காட்டத்தான் 'ஹேட்'. தனியா ஒரே விஷயத்தைச் சொல்ல, தேதியோட சாதாரண இறந்த காலமே போதும்: 'ஐ பெய்ட் த பிரீமியம் ஆன் 3 மார்ச் 2025.'

'ஹேட்' உண்மையிலேயே உதவுற இடம் இது: 'ஐ ஹேட் பெய்ட் த பிரீமியம் பிஃபோர் த பாலிசி லாப்ஸ்ட்.' பாலிசி காலாவதி ஆகுறதுக்கு முன்னாடியே பணம் கட்டியாச்சு. கிளெய்ம் நிக்கிறதும் விழறதும் இந்த வரிசையில்தான்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பணம் சம்பந்தப்பட்ட எந்த மெயிலாக இருந்தாலும், இந்த நாலு கேள்வியைக் கேட்டுட்டு அனுப்புங்க:

- யார் செஞ்சாங்கன்னு ஒவ்வொரு வாக்கியத்துலயும் தெரியுதா?
- தேதி, தொகை, ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கா?
- எனக்கு என்ன வேணும்னு ஒரு வாக்கியம் நேரா சொல்லுதா? 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்' போதாது. 'ப்ளீஸ் ரிவர்ஸ் ருபீஸ் 18,500'தான் கோரிக்கை.
- என்னைப் பத்தி எதுவுமே தெரியாத ஒருத்தர் ஆறு மாசம் கழிச்சுப் படிச்சா புரியுமா?

நாலாவது கேள்விதான் முக்கியம். ஏன்னா நடக்கப் போறது அதுதான். வங்கி 30 நாளுக்குள் பதில் தரலைன்னாலோ, தந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ, ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே முதல்ல பார்க்கிறது, நீங்க வங்கிக்கு எழுதின அந்த முதல் புகாரைத்தான்.

கடைசியா ஒரு விஷயம். இதைப் படிச்சிட்டு "எனக்கு இங்கிலீஷ் வராதே"ன்னு யாரும் புகார் எழுதாம இருந்துடாதீங்க. தபால்லயோ ஈமெயில்லயோ வரும் ஒம்புட்ஸ்மேன் புகார்களை வாங்க சண்டிகர்ல ஒரு மையத்தை ரிசர்வ் வங்கி 2021ல அமைச்சிருக்கு. அங்கே எந்த மொழியில வேணும்னாலும் எழுதலாம், தமிழ்லயும் எழுதலாம். தப்பும் தவறுமான ஆங்கிலத்துல சீக்கிரம் போன புகார், அழகான ஆங்கிலத்துல பத்து நாள் கழிச்சுப் போன புகாரை விட நல்லது. தேதியும் தொகையும் சரியா இருந்தா ஸ்பெல்லிங் தப்பை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து நோட்டீஸ் பீரியட் பத்தியை மட்டும் படிங்க. 'ஃப்ரம்', 'பை', 'அப் டு' எங்கெல்லாம் இருக்குன்னு பென்சில்ல வட்டம் போடுங்க. எந்த வட்டத்துக்கு அர்த்தம் புரியலையோ, அதை நாளைக்கே ஹெச்ஆருக்கு மெயில்ல கேளுங்க. வேலையை விடும்போது கேக்கிறதை விட, வேலையில இருக்கும்போது கேக்கிறது சுலபம். பதிலும் எழுத்துல கையில இருக்கும்.