ஒன்றாம் வகுப்புக்கு முன் ஒரு காலைப்பொழுது

மாலை நாலரை மணி இருக்கும். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு மருமகள் மகனைக் கையில் பிடித்தபடி வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், இவன எங்க சேக்கிறதுன்னே தெரியல. நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல மொத்தமே இருபத்தெட்டுப் பிள்ளைங்கதானாம். டவுன்ல சேத்தா வேன் வாசலுக்கே வருது. இவ்ளோ கம்மியா பிள்ளைங்க இருக்கிற எடத்துல படிப்பு வருமா?"

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். ஜூன் மாதம் நெருங்கினால் யாராவது ஒரு தாய் இதே கேள்வியோடு வருவாள். அன்று இரண்டாவது டம்ளர் டீ ஆறும்வரை அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இருபத்தெட்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் மூன்று, தொண்ணூறைத் தாண்டினால் நான்கு. ஆக, இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவருக்குப் பதினான்கு பேர். உன் மகனின் கையெழுத்து எப்படி இருக்கிறது, எந்த எழுத்தில் தடுமாறுகிறான் என்பதெல்லாம் அந்த டீச்சருக்கு மனப்பாடமாகத் தெரியும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அது நடக்காது.

ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இரண்டு பேர். பெரும்பாலும் ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை எடுப்பார், மற்றவர் நான்கையும் ஐந்தையும் எடுப்பார். தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ பயிற்சிக்கோ போகிற நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ஈராசிரியர் பள்ளியின் உண்மையான சிரமம் அந்த நாட்கள்தான். அதனால் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு வந்துவிடாதே. ஒரு டீச்சர் வராத நாளில் மற்றவர் என்ன செய்கிறார் என்று கேள். நல்ல பள்ளியில் அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கும். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குக் கதை படித்துக் காட்டும், ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு கேட்கும். ஏற்பாடு இல்லாத பள்ளியில் அன்று சத்தம் மட்டும்தான் இருக்கும்.

பல வகுப்புகள் ஒரே அறையில் உட்காருவதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். 2022-23 கல்வியாண்டில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிறகு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து உட்கார வைக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை அரும்பிலிருந்துதான் தொடங்கும். ஒன்றாம் வகுப்பிலேயே வேகமாகப் படிக்கும் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டே வளரும். டீச்சர் கெட்டிக்காரராக இருந்தால் சின்னப் பள்ளிக்கு இது பெரிய பலம்.

கெட்டிக்காரரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "ஒரு காலைப்பொழுது போய் உட்காரு" என்றேன். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகலாம். பெற்றோர் வந்து பார்ப்பதை நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார்.

எட்டேகாலுக்கே போய்விடு. காலை உணவு நடக்கிற நேரம் அது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். பல ஊர்களில் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். தட்டு கழுவும் இடம், குடிதண்ணீர்த் தொட்டி, கழிப்பறை இந்த மூன்றையும் அப்போதே பார்த்துவிடு. கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கினால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேள். பெண் பிள்ளையை வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஒன்பது மணிக்கு மேல் வகுப்பறைக்குள் போ. கரும்பலகையின் மூலையில் 'பதிவு' என்றும் 'வருகை' என்றும் இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். பதிவு 17, வருகை 15 என்று இருந்தால் தலைகளை எண்ணிப் பார். பதினைந்து இருந்தால் அந்தப் பள்ளி தன்னைப் பற்றி உண்மை எழுதுகிறது.

பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, தமிழ்ப் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படிக்கச் சொல். முதல் பாடம் வேண்டாம், அது பல பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கும். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. படித்து முடித்ததும் "என்னடா சொல்லியிருக்கு இதுல?" என்று கேள். தன் சொந்த வார்த்தையில் சொன்னால் டீச்சர் உழைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேள். 35 என்று சொன்னால் கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் புரியவில்லை. இருபது நிமிடம் போதும். சுவரில் ஒட்டிய வண்ணப் படங்கள் சொல்லாததை ஒரு பிள்ளையின் வாசிப்பு சொல்லிவிடும்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்பதையும் கேட்டு வை. தமிழ்நாட்டு விதிப்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும்.

"சரி டீச்சர், சேக்கணும்னா என்னென்ன கொண்டு போகணும்?" என்றாள்.

ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் புகைப்படம், ஆதார் இருந்தால் அதன் நகல். இவ்வளவுதான். நுழைவுத் தேர்வு கிடையாது. பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்து தேர்ந்தெடுப்பதும் நன்கொடை கேட்பதும் சட்டப்படி குற்றம். இது அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, தனியார் பள்ளிக்கும் பொருந்தும். வயதுக்கான சான்று இல்லை என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வேறு ஊரிலிருந்து வருகிற பிள்ளைக்கு டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டியும் மறுக்கக் கூடாது. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய் ஆண்டு நடுவில் திரும்பி வருகிற பிள்ளைகளுக்காகவே நாங்கள் அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். ஜூனைத் தவறவிட்டாலும் சேர்க்கை உண்டு. விஜயதசமி அன்று சேர்ப்பதும் நம் ஊர் வழக்கம்தான். சாதி, மதம் குறிப்பிட விருப்பமில்லை என்றால் அந்த இடத்தை வெறுமனே விடவும் உரிமை உண்டு.

சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுகிற அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் கண்ணை எடுக்காதே. பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி இந்த மூன்றும் மாற்றுச் சான்றிதழுக்குப் போகும், பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போகும், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போகும்.

என் கதையையே சொல்கிறேன். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது பிறப்புச் சான்றிதழ் என்று எதுவும் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். விரல் காது மடலில் பட்டது. "அஞ்சு ஆயிடுச்சு" என்று சொல்லிப் பதிவேட்டில் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவள் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். என் பணிப் பதிவேட்டில் இருப்பதும், ஓய்வூதியப் புத்தகத்தில் இருப்பதும் அந்த ஜூன் 1-தான். என் வயதுக்காரர்களில் ஊருக்குப் பத்துப் பேருக்காவது இப்படி ஜூன் மாதத்தில் ஒரு பிறந்தநாள் இருக்கும்.

இப்போது காதைத் தொடச் சொல்வதில்லை. ஆனால் பிழை வேறு வழியில் வருகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். சில சான்றிதழ்களில் பெயரே இருக்காது, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிப் பதியலாம். பிறகு பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணம் செலுத்திப் பதியலாம். இதைப் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் முடித்துவிடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வருவார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

அடுத்து பயிற்று மொழி. நிறைய அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது ஆங்கில வழியும் உண்டு. சேர்க்கும்போது "தமிழா, இங்கிலீஷா?" என்று கேட்பார்கள். யோசிக்காமல் பதில் சொல்லிவிடாதே. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010-இல் வந்தது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வயதில் போடுகிற ஒரு டிக், இருபத்தைந்து வயதில் ஒரு வேலைக்கான வாசலைத் திறக்கவோ மூடவோ செய்யும். ஈராசிரியர் பள்ளியில் இரண்டு வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசி. வீட்டில் பேசுகிற மொழியில் படிக்கக் கற்ற பிள்ளை சீக்கிரம் வாசிப்புக்கு வந்துவிடும். முப்பத்தொரு வருடமும் நான் கண்ணால் பார்த்தது இது.

"தனியார் ஸ்கூல்ல இலவசமா சேக்கலாம்னு சொல்றாங்களே, அது?" என்று கேட்டாள்.

உண்டு. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு நிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். வேன் கட்டணம் அதில் அடங்காது. மத்திய அரசின் நிதி வராததால் 2025-26-ஆம் ஆண்டுக்கான இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. விண்ணப்பிப்பது உன் உரிமை, தாராளமாகப் போடு. ஆனால் குலுக்கலை மட்டும் நம்பிப் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதே.

கடைசியாக ஒன்று சொன்னேன். பள்ளி உன் பிள்ளையை வளர்க்கிற மாதிரியே, உன் பிள்ளையும் பள்ளியைக் காப்பாற்றும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரி என்று கணக்காகி வேறு பள்ளிக்குப் போய்விடும். ஆசிரியர் போனால் மிச்சமிருக்கும் பெற்றோரும் டவுன் பக்கம் திரும்புவார்கள். வேனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் கடைசியில் அங்கே தனியாக நிற்பார்கள். அதற்காக உன் மகனின் படிப்பைத் தியாகம் செய் என்று நான் சொல்லவில்லை. பார்த்து, பிடித்திருந்தால் சேர். சேர்த்தபின் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போ. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கழிப்பறைச் சாவியைப் பற்றி அங்கே கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "திங்கக்கெழம காலைல போய்ப் பாக்குறேன் டீச்சர்" என்று எழுந்தாள். பையன் அதற்குள் என் பழைய வாசிப்பு அட்டைகளைத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தான்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஊர்ப் பள்ளியைப் பற்றி யாரோ சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை, ஒரு காலைப்பொழுது உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், பதிவேட்டில் எழுதிய பெயரையும் தேதியையும் வாங்கி ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.