சிலிண்டருக்குள் 300 பார்

10 மீட்டர் போட்டிகளில் பயன்படும் ஏர் ரைபிளின் குழலுக்கு அடியில் ஒரு சிறு உருளை பொருத்தப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் கால் லிட்டர்கூடக் கொள்ளாது. ஆனால் அதற்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கிறது. கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் எட்டு, பத்து பாரோடு நின்றுவிடும். ரைபிளுக்கு நேரடியாகவோ, அதை நிரப்பும் பெரிய சிலிண்டருக்கோ காற்றேற்ற 300 பார் வரை தள்ளக்கூடிய தனிவகைக் கம்ப்ரசர் தேவை. கைப்பெட்டி அளவிலான இத்தகைய இயந்திரங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன, வீட்டு மொட்டைமாடியிலேயே ஓட்டப்படுகின்றன. உருவம் சிறியதாக இருப்பதால்தான் இதற்குள் இருப்பது என்னவென்று பலருக்கும் உறைப்பதில்லை.

ரைபிளை நிரப்பப் பயன்படும் 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் காற்று இருந்து, அது ஒரே நொடியில் வெடித்து வெளிப்பட்டால் வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 4 லட்சம் ஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது கொண்டிருக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். காற்று எரியாதே, விஷம் இல்லையே என்ற நிம்மதிக்கு இங்கே இடமில்லை.

காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் கண்டிருப்பார்கள். ஒரே மூச்சில் 300 மடங்கு அழுத்தினால், கணக்குப்படி வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் இரண்டு அல்லது மூன்று கட்டமாக அழுத்தி, இடையிடையே குளிர்விக்கிறார்கள். சிறிய இயந்திரங்களில் ஒரு குட்டி மோட்டார் வாளித் தண்ணீரைச் சுற்றிவிடும். வாளியில் தண்ணீர் சூடேறினால் மாற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் ஆறவிட வேண்டும். 230 வோல்ட் இயந்திரமும் தண்ணீர் வாளியும் அருகருகே இருப்பதால் எர்த் இணைப்பும், மின்கசிவில் தானாகத் துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாத இடத்தில் இதை ஓட்டக் கூடாது.

காற்றை அழுத்தும்போது எழும் இந்த வெப்பத்தில் எண்ணெய் ஆவி தானாகவே பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜின் பிளக் இல்லாமல் ஓடுவதும் இதே தத்துவத்தில்தான். ஆகவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட கம்ப்ரசர் எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. பைக் இன்ஜின் ஆயிலோ தையல் மெஷின் எண்ணெயோ ஆகவே ஆகாது. காற்று படும் ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே. புது இயந்திரத்தின் முதல் எண்ணெயில் உலோகத் துகள் சேரும் என்பதால் அதைச் சில மணி நேர ஓட்டத்திலேயே மாற்றிவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கம்ப்ரசர் இல்லையென்று வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை ரைபிளில் ஏற்றுவது. உயர் அழுத்த ஆக்சிஜனில் துளி கிரீஸ் இருந்தாலும் அது வெடிக்கும்.

கடற்கரை ஊர்களில் இயந்திரத்தைத் தின்பது ஈரம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். மேலே சொன்ன 6.8 லிட்டர் சிலிண்டரை நிரப்ப ஏறக்குறைய இரண்டு கன மீட்டர் காற்று வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு முறையும் 45 மில்லிக்கு மேல் தண்ணீர், கிட்டத்தட்ட ஒரு சின்ன டம்ளர் அளவு, இயந்திரத்தின் வழியே போகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வடிகால் வால்வைத் திறந்து அதை வெளியேற்றாவிட்டால், தண்ணீர் சிலிண்டருக்குள் போய் இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் பெயின்ட் பளபளக்கும்போதே உள்சுவர் மெலிந்துகொண்டிருக்கும். வடிகட்டியில் உள்ள உறிஞ்சு மணிகளையும் கரியையும் கெடு தவறாமல் மாற்றுவது இதற்காகத்தான். விற்பனையாளர்கள் இந்த வடிகட்டியை ஏனோ கூடுதல் உபகரணம் என்று சொல்லித் தனியாக விற்கிறார்கள்.

இணைப்புகளில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. எம்10 மெட்ரிக் மரையும் எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் விட்டம் 10 மில்லிமீட்டர், மற்றதன் விட்டம் 9.73. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று பிடிக்கும். அழுத்தம் ஏறியதும் உருவிக்கொண்டு பறக்கும். ஹோஸைக் கழற்றும் முன் அதிலுள்ள காற்றை வெளியேற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அது சாட்டைபோலச் சுழன்று அடிக்கும். கசிவைக் கண்டுபிடிக்க, கேஸ் அடுப்புக்குச் செய்வதுபோலச் சோப்பு நுரையே போதும். விரலை வைத்துத் தடவக் கூடாது. ஊசித்துளை வழியே வரும் காற்று தோலுக்கு அடியில் புகும். வெளியே சிறு புள்ளிபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

வேகமாக நிரப்பினால் காற்று சூடாகவே உள்ளே போகும். ஆறியதும் அழுத்தமானியின் முள் இறங்கும். அதைப் பார்த்து அளவுக்கு மேல் ஏற்றுவது கூடாது. 27 டிகிரியில் 200 பார் உள்ள உருளையை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்து அது 65 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் தானாகவே 225 பாரைத் தொடும்.

சிலிண்டரின் கழுத்தில் வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், சோதனை தேதி ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். போட்டி ரைபிள் உருளைகளுக்குத் தயாரிப்பாளர்கள் ஆயுட்காலமும் குறிக்கிறார்கள், பெரும்பாலும் 10 ஆண்டு. காலாவதியாகாத உருளையைப் பயன்படுத்துவது வீரரின் பொறுப்பு என்கிறது சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதி.

இந்தியாவில் 500 மில்லிக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கலன்கள் 2016ஆம் ஆண்டு வாயு உருளைகள் விதிகளுக்குள் வருகின்றன. ரைபிள் உருளை இதற்குள் வராது; அதை நிரப்பும் பெரிய சிலிண்டர் வரும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற வகையாக அது இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் குறித்த காலத்தில் நீர் அழுத்தச் சோதனையும் நடந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்த கார்பன் இழைச் சிலிண்டர் எவ்வளவு தரமானதானாலும் இந்த ஒப்புதலுக்கு விலக்கு கிடையாது. பிறர் சிலிண்டருக்குக் காற்று நிரப்பிக் காசு வாங்குவது உரிமம் தேவைப்படும் தொழில். கெடு முடிந்த சிலிண்டரை நிரப்ப ஒருவர் மறுத்தால் அவர் தம் கடமையைச் செய்கிறார்.

துப்பாக்கிக்கும் வரம்பு உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டமோ உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டும். அதற்குள் அடங்கும் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் கொக்கைச் சுடலாம் என்று ஆகிவிடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே இருக்கிறது.

இயந்திரம் பழுதாக வந்தாலோ காயம் விளைவித்தாலோ 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். அதன் பிறகும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குச் செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பில், பொதியில் உள்ள இறக்குமதியாளர் முகவரி, உடைந்த பாகம், அதன் படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். மாற்றுப் பொருள் தருகிறோம் என்பதற்காக உடைந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சாட்சியம் போய்விடும்.

ஆனால் அதே சட்டம், விபத்து நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ பொருள் பொறுப்பின் கீழ் விற்பனையாளர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றும் சொல்கிறது. அளவு மீறும்போது தானே கிழிந்து காற்றை வெளியேற்றும் மெல்லிய பாதுகாப்புத் தகடு ஒன்று இந்தக் கம்ப்ரசர்களில் இருக்கிறது. அடிக்கடி கிழிகிறதே என்று அந்த இடத்தில் இரண்டு தகடு அடுக்குபவர்களும் போல்ட் போட்டு அடைப்பவர்களும் உண்டு. அப்படி அடைத்த இயந்திரம் வெடித்தால், இழப்பீடு மறுக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீட்டிக் காட்டப்போவது அந்த போல்ட்டைத்தான்.