எவர்சில்வர் தகட்டில் துளை போடும் முன்

எண்ணெய் டிரம் நிறுத்தும் ஸ்டாண்டு, மாவு மில்லின் தாங்கு சட்டம் என்று கனமான எவர்சில்வர் தகடுகள் நம் கடைகளில் இடம்பிடித்துள்ளன. அவற்றில் போல்ட் மாட்டத் துளை தேவைப்பட்டால், வேலைக்கு வருபவர் கை ட்ரில்லை முழு வேகத்தில் ஓட்டுகிறார். புகை வருகிறது, பிட் நீலமாகிறது, துளை மட்டும் விழுவதில்லை. பிட்டின் விலையும் கூலியும் நம் தலையில்தான்.

பரவலாகப் புழங்கும் 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. இரும்பைப் போல இது சூட்டைக் கடத்தாது; சூடு பிட் முனையிலேயே தங்குகிறது. அதைவிட முக்கியம், வெட்டாமல் உரசினால் உரசிய இடம் இறுகிவிடும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ரகம் இதில் இன்னும் பிடிவாதம். (காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 தான் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம், 202 தகட்டிலும் ஒட்டாது.)

எனவே வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டவேண்டும். 10 மி.மீ. துளைக்கு நிமிடத்திற்கு 300 முதல் 400 சுற்று போதும். வேகத்தைக் குறைக்க முடியாத ட்ரில் இதற்கு ஆகாது. சுவருக்குப் பயன்படும் ஹேமர் விசையை அணைத்துவிடவேண்டும். ஹார்டுவேர் கடையில் கோபால்ட் பிட் என்று கேட்டு வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் நாலு சாதாரண பிட் கருகுவதைவிட லாபம். முதலில் 4 மி.மீ. துளை, பிறகு நேராக 10 மி.மீ. கட்டிங் ஆயிலை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அது கிடைக்காவிட்டால் நம் கடைத் தேங்காய் எண்ணெயும் ஓரளவு கைகொடுக்கும். சீவல் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது. தூளாக வந்தால் உரசுகிறது, உடனே நிறுத்திவிடவேண்டும்.

துளை மறுபுறம் திறக்கும் கணம்தான் ஆபத்து. பிட் சிக்கி, ட்ரில் மணிக்கட்டை முறுக்கிவிடும். பக்கக் கைப்பிடி கட்டாயம். தகட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கடைப் பையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். கண்ணாடி அணியவேண்டும், கையுறை கூடாது. சுழலும் பிட் அதை இழுத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் பிசிறை அரத்தால் நீக்கி, எண்ணெயைச் சோப்பு நீரால் கழுவுங்கள். இரும்பு தேய்த்த அரமோ பிரஷ்ஷோ வேண்டாம். அந்த இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டால் சில நாளில் துளையைச் சுற்றித் துருக்கறை படியும்.