விந்தணுவின் வாலுக்கும் தீராத சளிக்கும் என்ன சம்பந்தம்?

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி. கணவரைப் பரிசோதித்தால் விந்தணுக்கள் போதிய எண்ணிக்கையில், உயிரோடு இருக்கின்றன. ஆனால், ஒன்றுகூட நகரவில்லை. அவருக்குச் சிறுவயதிலிருந்தே தீராத சளி, சைனஸ் தொல்லை. இப்படிப்பட்ட சிலருக்கு இதயமே வலப்பக்கம் இருக்கும்!

மூன்றும் தனித்தனி பிரச்னைகள்போலத் தெரியும். ஆனால், மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று 1976-ல் எடுத்துச் சொன்னார் சுவீடன் விஞ்ஞானி பியோர்ன் அஃப்செலியஸ். அதற்கான துப்பு, விந்தணுவின் வாலுக்குள் கிடைத்தது.

வாலுக்குள் ஓர் இயந்திரம்

மனித விந்தணுவின் மொத்த நீளம் சுமார் 0.05 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வால்தான். அந்த வாலின் குறுக்குவெட்டை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வண்டிச் சக்கரம்போலத் தெரியும். நடுவில் 2 நுண்குழல்கள். சுற்றிலும் 9 ஜோடிக் குழல்கள்.

ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் டைனீன் என்ற புரதத்தாலான குட்டிக் கைகள் நீண்டிருக்கும். அவை பக்கத்து ஜோடியைப் பிடித்துத் தள்ளும். குழல்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் நழுவி ஓட முடியாது. அதனால் வால் வளைகிறது. இப்படி மாறி மாறி இரு பக்கமும் வளைவதுதான் நீச்சல்!

பாலூட்டிகளின் வாலில் கூடுதல் ஏற்பாடும் உண்டு. குழல்களை ஒட்டி 9 தடித்த நார்கள் வாலுக்கு வலு சேர்க்கின்றன. கழுத்துக்குக் கீழே மைட்டோகாண்ட்ரியாக்கள் சுருள் சுருளாகச் சுற்றி சக்தி தருகின்றன. அதற்கும் கீழே வாலைச் சுற்றியுள்ள நார் உறையில், சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் நொதிகள் இருக்கின்றன.

கைகள் இல்லாவிட்டால்..?

அஃப்செலியஸ் ஆராய்ந்த ஆண்களின் விந்தணு வாலில் எல்லாம் இருந்தது. டைனீன் கைகள் மட்டும் இல்லை. மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் நுண்ணிழைகளும் இதே அமைப்பு கொண்டவை. அவை அசையாவிட்டால் சளி தேங்கும். கிருமித்தொற்று திரும்பத் திரும்ப வரும்.

கருவில் இடது, வலது பக்கத்தைத் தீர்மானிக்க உதவுவதும் டைனீனால் சுழலும் இழைகள்தான். அவை நின்றுபோனால், இதயம் எந்தப் பக்கம் அமையும் என்பது பூவா தலையா கதைதான். அதனால்தான் இந்தக் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு உறுப்புகள் இடம் மாறியிருக்கின்றன.

வழி உண்டு

நீந்தாத விந்தணு, செத்த விந்தணு அல்ல. உயிருள்ள ஒற்றை விந்தணுவை ஊசி மூலம் கருமுட்டைக்குள் செலுத்தும் 'இக்சி' முறையில் கருத்தரித்து குழந்தை பிறந்ததாக 1992-ல் பெல்ஜியம் மருத்துவர்கள் அறிவித்தார்கள். இன்று இது உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது.

இந்தக் குறைபாடு அரிதானது; விந்தணு நகராததற்கு வேறு காரணங்களும் உண்டு. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது ஏற்படும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு சற்று அதிகம்.

குழந்தை இல்லையென்றால் மனைவியை மட்டுமே டாக்டரிடம் அனுப்புவது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. கணவரும் ஆரம்பத்திலேயே பரிசோதனைக்குப் போக வேண்டும். அப்போது பழைய சளித் தொல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல், குழந்தைக்கு மட்டுமல்ல... அவருடைய நுரையீரலைக் காப்பாற்றவும் வழிகாட்டலாம்.