எதிராளியின் அடுத்த சீட்டு யார் கையில்?

2018 பிப்ரவரியில், ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 'மேஜிக்: த கேதரிங்' சீட்டு விளையாட்டின் ப்ரோ டூர் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் ஜெர்ரி தாம்ப்சனை வென்றவர் அர்ஜென்டினாவின் லூயிஸ் சல்வாட்டோ. பெரிய அரக்கர்களோ சீறும் டிராகன்களோ அவருடைய வெற்றிக்குக் காரணம் இல்லை. ஒரு விளக்கு, ஒரு பாலம், சீட்டுகளைக் கழித்துத் தள்ளும் சில மலிவான கருவிகள் ஆகியவைதான் அவருடைய ஆயுதங்கள்.

எதிராளியை அடித்து வீழ்த்துவது சல்வாட்டோவின் சீட்டுக்கட்டின் நோக்கமல்ல. எதிராளி எதைச் செய்தாலும் பயனில்லாத ஒரு நிலையை உண்டாக்கி, ஆட்டம் முடியும்வரை அதைக் கலையாமல் காப்பதுதான் நோக்கம். இத்தகைய கட்டுகளை ஆட்டக்காரர்கள் 'ப்ரிசன்' என்கிறார்கள். அந்த நிலைக்கு 'லாக்', அதாவது பூட்டு, என்று பெயர். சல்வாட்டோ ஆடியது 'லான்டர்ன் கன்ட்ரோல்' என்ற பூட்டுக் கட்டு. 2015இல் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த கிராண்ட் ப்ரீ போட்டியை ஸாக் எல்ஸிக் வென்றதும் இதே வகைக் கட்டைக் கொண்டுதான்.

சீட்டாட்டத்தில் அதிர்ஷ்டத்தை ஒழிக்க முடியாது. ஆனால் அதை மிகச் சிறியதாகச் சுருக்க முடியும் என்பதை லான்டர்ன் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் கட்டு வேறொன்று இல்லை என்பது என் கருத்து.

கட்டும்போதே தொடங்கும் ஆட்டம்

1993இல் வெளியான மேஜிக் விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட், சேர்ப்பியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ரம்மியில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுக்கட்டு. இங்கே ஆளுக்கொரு கட்டு, அதை அவரவரே தேர்ந்து அடுக்கிக்கொண்டு வர வேண்டும். வழக்கமான போட்டி விதிப்படி குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். அடிப்படை நிலச்சீட்டுகளைத் தவிர வேறெந்தச் சீட்டும் நான்குக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள், கையில் ஏழு சீட்டுகள். பிறகு தன் முறை வரும்போதெல்லாம் கட்டின் உச்சியிலிருந்து ஒரு சீட்டை எடுக்க வேண்டும். புள்ளிகள் தீர்ந்தால் தோல்வி. எடுக்க வேண்டிய நேரத்தில் கட்டில் சீட்டே இல்லாவிட்டாலும் தோல்விதான். பூட்டுக் கட்டுக்கு உயிர் கொடுப்பது இந்தக் கடைசி விதி.

பூட்டும் உத்தி இந்த விளையாட்டின் முதல் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. 1993இல் வந்த 'விண்டர் ஆர்ப்' என்ற சீட்டு களத்தில் இருந்தால், செலவழித்த நிலங்களில் ஒன்றை மட்டுமே ஒவ்வொரு முறையும் மீட்டெடுக்க முடியும். இது இருவரையும் சமமாகக் கட்டிப்போடுகிறது. ஆனால் இந்தச் சீட்டைப் படுக்கைவாட்டில் திருப்பிவிட்டால் அதன் தடை செயல்படாது. 'ஐஸி மேனிபுலேட்டர்' என்ற கருவியால், எதிராளியின் முறை முடியும் தறுவாயில் அதைத் திருப்பிவிடலாம். உடனே வருவது நம் முறை. நம் நிலங்கள் எல்லாம் மீண்டுவிடும். எதிராளியின் முறை வருவதற்குள் தடை பழையபடி விழித்துக்கொள்ளும். பூட்டுக் கட்டின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது: இருவருக்கும் பொதுவான ஒரு தடையை எடு, அதில் உனக்கு மட்டும் ஒரு வழியை வை.

மூன்று வாசல்கள்

எதிராளி ஒன்றைச் செய்ய வேண்டுமானால், அதற்கான வசதி மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வர வேண்டும்: ஏற்கெனவே களத்தில் இருப்பது, கையில் இருப்பது, இனிமேல் கட்டிலிருந்து வரப்போவது. லான்டர்ன் கட்டு ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனித் தாழ்ப்பாள் போடுகிறது.

களத்துக்கு 'என்ஸ்னேரிங் பிரிட்ஜ்'. இந்தப் பாலத்தை வைத்திருப்பவரின் கையில் எத்தனை சீட்டுகள் உள்ளனவோ, அந்த எண்ணிக்கைக்கு மேல் வலிமையுள்ள எந்த உயிரினமும் தாக்க முடியாது. கை காலியானால் பூஜ்ய வலிமையுள்ளவை மட்டுமே தாக்கலாம். அவற்றால் சேதம் இல்லை. இந்தக் கட்டின் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு மனா (நிலச்சீட்டுகள் தரும் ஆற்றல்) செலவில் களமிறங்குபவை. எனவே நம் கை விரைவில் காலியாகிவிடும். வேறு கட்டுகளில் காலிக் கை என்றால் பலவீனம். இங்கே அதுவே அரண்.

எதிராளியின் கைக்கு 'தாட்சீஸ்', 'இன்குவிசிஷன் ஆஃப் கோஸிலெக்' போன்ற சீட்டுகள். அவருடைய கையைத் திறந்து காட்டச்செய்து, ஆபத்தான ஒன்றை அங்கேயே கழித்துவிடலாம்.

கட்டின் உச்சிக்கு 'லான்டர்ன் ஆஃப் இன்சைட்' என்ற விளக்கு. அது இருக்கும்வரை இருவர் கட்டின் மேல்சீட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும். 'கோடெக்ஸ் ஷ்ரெடர்', 'கூல்காலர்ஸ் பெல்' ஆகிய கருவிகள் மேல்சீட்டைக் கழிவுக்குத் தள்ளுபவை. ஒவ்வொன்றையும் சுற்றுக்கு ஒருமுறை இயக்கலாம். எதிராளி எடுக்கப்போகும் சீட்டு ஆபத்தானதாகத் தெரிந்தால், அவர் எடுப்பதற்கு முன்பே அதைத் தள்ளிவிடலாம். அடுத்த சீட்டும் ஆபத்தானது என்றால் அடுத்த கருவி.

இவற்றில் விளக்கு தனியாக யாரையும் தடுப்பதில்லை. கழிக்கும் கருவி தனியாக, கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது மாதிரி. நல்லதும் போகும், கெட்டதும் போகும். இரண்டும் சேரும்போதுதான் தகவல் அதிகாரமாக மாறுகிறது.

பெருக்கலின் வலிமை

அந்த அதிகாரத்தை எண்ணில் அளக்கலாம். எதிராளியின் கட்டில் ஐந்தில் ஒரு சீட்டு நம் பூட்டை உடைக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். கழிக்கும் கருவி இல்லையென்றால், ஒருமுறை சீட்டெடுக்கும்போது ஆபத்துக்கான நிகழ்தகவு 20 சதவீதம். ஒரு கருவி இருந்தால், அடுத்தடுத்த இரண்டு சீட்டுகளும் ஆபத்தானவையாக இருந்தால்தான் ஒன்று தப்பி வரும்: ஐந்தில் ஒன்றை ஐந்தில் ஒன்றால் பெருக்கினால் 4 சதவீதம். இரண்டு கருவிகளுக்கு 0.8, மூன்றுக்கு 0.16.

ஆட்டம் 20 சுற்றுகள் நீண்டால், ஒருமுறையாவது ஆபத்து வந்துசேரும் வாய்ப்பு எவ்வளவு? கருவி இல்லாவிட்டால் ஏறக்குறைய 99 சதவீதம். ஒரு கருவியோடு 56, இரண்டோடு 15, மூன்றோடு 3. ஒவ்வொரு கருவியும் ஒரே ஒரு மனா விலையுள்ள சாதாரணச் சீட்டு. ஆனாலும் மூன்று சேர்ந்ததும், ஏறக்குறைய உறுதியான தோல்வி ஏறக்குறைய உறுதியான வெற்றியாக மாறிவிடுகிறது.

பூட்டை எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்பதும் கணக்கில் சேரும். மூன்று கருவிகளையும் சுற்றுதோறும் எதிராளியின் கட்டின் மேலேயே இயக்கினால், அவர் எடுக்கும் சீட்டையும் சேர்த்து நான்கு சீட்டுகள் குறையும். 50 சீட்டுகள் மிச்சமிருந்தால் 13 சுற்றில் கட்டு தீர்ந்துபோகும். மொத்த ஆபத்து 2 சதவீதமாக இறங்கும். விளக்கொளியில் தீங்கற்ற சீட்டு ஒன்று தெரிந்தால், அதை அப்படியே விட்டுவைத்து அடுத்த எடுப்பை முழுப் பாதுகாப்பாக்கவும் செய்யலாம். வேகமா, காவலா என்பதை ஒவ்வொரு சுற்றிலும் தீர்மானிப்பதில்தான் ஆட்டக்காரரின் திறமை இருக்கிறது.

நான்கு பிரதிகள் போதாது

பூட்டு அருமையாக இருந்தாலும் அதன் உறுப்புகள் நேரத்துக்குக் கைக்கு வர வேண்டுமே! 60 சீட்டில் நான்கு பிரதிகள் உள்ள ஒன்று, முதல் ஏழு சீட்டுகளுக்குள் வருவதற்கான வாய்ப்பு 40 சதவீதம்தான். இரண்டு வெவ்வேறு உறுப்புகள், நான்கு நான்கு பிரதிகளாக இருந்தால், முதல் பத்துச் சீட்டுகளுக்குள் இரண்டும் வந்துசேர 26.5 சதவீதம். உறுப்புகள் கூடக்கூட இந்த எண் மளமளவென்று சரியும்.

இதற்குத் தீர்வு, ஒரே வேலையைச் செய்யும் வெவ்வேறு சீட்டுகளைச் சேர்ப்பது. ஷ்ரெடர் நான்கு, பெல் நான்கு என்று எட்டாக்கினால், முதல் கையிலேயே ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 65 சதவீதம். அதே வேலையை வேறு விதத்தில் செய்யும் 'பிக்சிஸ் ஆஃப் பாண்டமோனியம்' நான்கையும் சேர்த்துப் பன்னிரண்டாக்கினால் 81. கட்டிலிருந்து வேண்டிய கருவியைத் தேடி எடுத்துக் களத்தில் வைக்கும் 'விர் ஆஃப் இன்வென்ஷன்' போன்ற சீட்டு, தேவைக்கேற்ப விளக்காகவோ பாலமாகவோ மாறிக்கொள்ளும் உதிரிப் பிரதி. விமானத்திலும் மருத்துவக் கருவியிலும் ஒரு பாகம் பழுதானால் இன்னொன்று ஏற்கும்படி பொறியாளர்கள் வடிவமைக்கிறார்களே, அதே கோட்பாடு இங்கேயும் வேலை செய்கிறது.

பூட்டு உடையும் இடங்கள்

எந்தப் பூட்டுக்கும் திறவுகோல் உண்டு. பாலம் உயிரினங்களை நிறுத்துமே தவிர, நேரடியாகப் புள்ளிகளைக் குறைக்கும் மந்திரச்சீட்டுகளை நிறுத்தாது. கருவிகளை உடைக்கும் ஒரு சீட்டு தப்பி வந்து பாலத்தைத் தகர்த்தால், அதுவரை காத்திருந்த படை முழுவதும் ஒரே முறையில் பாயும்.

எல்லாவற்றையும்விட நுட்பமான ஆபத்து, கட்டைக் கலைப்பது. நிலத்தைத் தேடி எடுத்துக் கட்டைக் கலைக்கச் சொல்லும் 'ஃபெட்ச்' நிலங்கள் பல கட்டுகளில் உண்டு. தன் மேல்சீட்டு பயனற்றது என்று கண்ட எதிராளி, அத்தகைய நிலத்தைப் பயன்படுத்திக் கட்டைக் கலைத்துவிட்டால், நாம் பார்த்து ஒதுக்கி வைத்த ஒழுங்கு அப்போதே அழிந்து எல்லாம் மீண்டும் நிகழ்தகவாகிவிடும். இதற்கு மருந்து 'பித்திங் நீடில்': ஒரு சீட்டின் பெயரைச் சொல்லி, அதன் செயலைக் குத்தி நிறுத்தலாம்.

மேலே சொன்ன எண்கள் எல்லாம் கட்டு நன்றாகக் கலைக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கின்றன. 52 சீட்டுகளை இரு பாதியாகப் பிரித்துக் கோர்த்துக் கலைத்தால் ஏழு முறையாவது அப்படிச் செய்ய வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் காட்டினார்கள். 60 சீட்டுக் கட்டை இரண்டு மூன்று முறை கலைத்துவிட்டு உட்காருபவர், தன் கணக்கைத் தானே பொய்யாக்குகிறார்.

கட்ட விரும்புவோருக்கு

பூட்டுக் கட்டு ஆடுபவர்மீது ஒரு குறை உண்டு: எதிரே இருப்பவருக்கு ஆட்டமே இல்லாமல் செய்கிறார் என்று. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டிய போட்டிச் சுற்றுக்கு வழக்கமாக 50 நிமிடங்கள்தான். அதனால் விரைவாக முடிவெடுத்து ஆடுவது விதிப்படியான கடமை மட்டுமல்ல, எதிராளிக்குக் காட்டும் மரியாதையும்கூட. நண்பர்களோடு பொழுதுபோக்காக ஆடுவதென்றால், இப்படிப்பட்ட கட்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கட்டத் தொடங்கும்போது எந்தச் சீட்டு வலிமையானது என்று தேடாதீர்கள். எதிராளி எந்தெந்த வழியில் நம்மை வெல்ல முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வழிக்கும் எதிரே அதை அடைக்கும் சீட்டையும், அது நேரத்துக்கு வந்துசேரும் நிகழ்தகவையும் குறியுங்கள். எந்த வழிக்கு எதிரே எண் மிகக் குறைவாக இருக்கிறதோ, அங்கேதான் பூட்டு முதலில் உடையும். அடுத்த சீட்டை அங்கே சேருங்கள். பத்தாம் வகுப்பில் படித்த நிகழ்தகவே இதற்குப் போதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பழகியவர், தோற்ற ஆட்டத்தின் பழியை அதிர்ஷ்டத்தின்மீது போட்டுவிட்டு எழுந்து போக மாட்டார்; தன் கட்டில் எந்த எண் குறைந்தது என்று தேடுவார்.