மின்வலையின் கோணத்தை அளந்த அறிஞர்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உப மின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்றே காரணம் எனக் கூறப்பட்டது. குரங்கைச் சொல்லி நகைத்தோர் பலர். மேற்குக் கரையில் நேர்ந்த தீண்டலாற் கீழ்க்கரையிலே கல்முனையின் மின்விசிறிகள் ஓய்ந்தது எங்ஙனம் என்று வினவியோர் சிலரே.

நாட்டின் பெரும் மின்பிறப்பாக்கிகள் யாவும் செக்கனுக்கு 50 அலைவு என்னும் ஒரே தாளத்தில் இயங்குவன. ஆயினும் ஓரிடத்து அலை சற்று முந்தியும், மற்றோரிடத்து அலை சற்றுப் பிந்தியும் நிற்கும். இவ்வேறுபாட்டைக் கோணமாகக் கூறுவர். முந்திய இடத்திலிருந்து பிந்திய இடத்திற்கே வலு பாயும். கோணம் 90 பாகையை நெருங்கின் இணைப்புக் குலையும். அன்றோ விடுமுறை நாள். மின்தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கவல்ல கனத்த சுழலிகள் சிலவே இயங்கின. ஆதலின் தாளம் விரைந்து தளர, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் விலகின.

தொலைவிலுள்ள இரண்டிடங்களின் கோணத்தை ஒப்பிடுவது எளிதன்று. கொழும்பிலும் கல்முனையிலும் நோன்பு துறக்கும் நேரம் ஏறக்குறைய 8 நிமிடம் வேறுபடுவதை நாம் அறிவோம். நெட்டாங்கு வேறுபாடு 2 பாகை என்பதே அதன் பொருள். இதனை அறிவதற்கு ஈரூர்க் கடிகாரங்களும் ஒத்திருத்தல் வேண்டும். மின்னலைக்கும் அவ்வாறே. ஆனால் ஈண்டுக் கடிகாரம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு பிழைத்தாலும் கோணம் 18 பாகை பிழைத்துவிடும்!

இவ்விடரைத் தீர்த்தவர் அருண் பட்கே. குவாலியரிற் பிறந்து, 1959இற் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பட்டம் பெற்று, 1964இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் கலாநிதியானவர். மின்வழங்கற் கும்பனி ஒன்றிற் பணியாற்றுகையில், மின்கம்பிகளிற் பழுது நேரின் கணனியே அதனைக் கண்டறியும் முறையொன்றை 1970களில் தம் குழுவினருடன் வகுத்தார். மூன்று கம்பிகளின் அளவுகளையும் ஒரே கணியமாகத் திரட்டும் அம்முறை, மின்னழுத்தத்தின் பருமனையும் கோணத்தையும் நுட்பமாகத் தந்தது. தேடியது பழுது, கிட்டியதோ கோணம். ஆராய்ச்சியில் இத்தகைய பேறு உழைத்தவர்க்கே வாய்க்கும் போலும்.

எஞ்சியது பொதுக் கடிகாரம். அக்காலத்தே விண்ணில் ஏறிக்கொண்டிருந்த இடங்காட்டிச் செய்மதிகள் அதனையும் வழங்கின. அவற்றின் நேரக்குறிப்பு ஒரு செக்கனின் பத்திலட்சத்திலொரு பங்கு பிழைப்பினும், 50 அலைவு வலையிற் கோணப்பிழை 0.018 பாகையே. வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1988இல் முதற் கருவி உருவாயிற்று. பட்கேக்கும் அவர்தம் தோழர் ஜேம்ஸ் தார்ப்புக்கும் 2008இற் பிராங்கிளின் பதக்கம் வழங்கப்பட்டது.

2003 ஆகத்து 14ஆம் நாள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். எது முன், எது பின் என அறிய முயன்ற விசாரணையாளர், பல பதிகருவிகளின் கடிகாரங்கள் தம்முள் ஒவ்வாமை கண்டு பெரிதும் இடர்ப்பட்டனர். செய்மதி நேரத்தோடு இணைந்த கருவிகளின் தேவை அதன் பின்னரே பலர்க்கும் புலனாயிற்று. கட்டுப்பாட்டறையின் பழைய பதிவுகள் சில செக்கன்களுக்கு ஒருமுறையே வருவன; பட்கேயின் கருவியோ ஒரு செக்கனுள் 50 முறை வலையின் நிலையைச் சொல்லவல்லது.