தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் மூடுபனி

1964 டிசம்பர் புயல் விட்டுப்போன தேவாலயச் சுவர்களைப் படமெடுக்காமல் தனுஷ்கோடியிலிருந்து திரும்பும் பயணிகள் குறைவு. படத்தைத் திறந்தால் சுவர், மணல், பின்னாலிருக்கும் கடை எல்லாம் ஒரே அழுத்தமாக நிற்கும். பனி விழுந்தால் அழகுதான். ஆனால் ராமேசுவரம் தீவில் ஊட்டிப் பனிக்குக் காத்திருக்க முடியுமா? கணினியில்தான் இறக்க வேண்டும்.

நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே மூடுபனி. அதில் தொலைவில் இருப்பது வெளுக்கும், அருகில் இருப்பது தெளிவாகத் தெரியும்.

ஃபோட்டோஷாப்பில் படத்தின் மேல் புதிய லேயர் ஒன்றைப் போட்டு, கறுப்பு வெள்ளையில் 'கிளவுட்ஸ்' ஃபில்டரை ஓட்டி, 'ஸ்கிரீன்' முறைக்கு மாற்றினால் கறுப்பு மறைந்து வெண்புகை மட்டும் மிஞ்சும். பிறகு மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் சுவர் மேலுள்ள புகையைத் துடைக்கலாம். முழுக்கத் துடைத்தால் வந்தது வினை! சுவர் வெட்டி ஒட்டிய அட்டைபோல் ஆகிவிடும். மணலை ஒட்டிச் சுவரின் முன்னாலும் மெல்லிய புகை தவழ வேண்டும்.

சுத்த வெள்ளைப் புகை சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும். அந்தப் படத்தின் வானத்திலிருந்தே நிறத்தை எடுப்பது நல்லது.

உச்சி வெயிலில் கூர்மையான நிழல் விழுந்த படத்தில் எந்தப் பனியும் நம்பும்படி இருக்காது. சூரியன் எழுமுன் எடுத்த படமே தோது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இதே வேலை நடக்கும்.

செய்திப் படத்தில் மட்டும் இந்த வித்தையைக் காட்டிவிடாதீர்கள்.